பாலத்துக்கும் கிடங்குக்கும் நடுவில்

பணிமனையில் அவருக்கு நிதானம் என்றுதான் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. பத்தொன்பது வருஷமாக நகரப் பேருந்து ஓட்டியவர், ஒரு நாய்வாலைக்கூட நசுக்கியதில்லை. தூரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுவார். "இவர் வண்டியில ஏறினா, கல்யாணத்துக்குக் கிளம்பினவன் புள்ளைக்குப் பேர் வைக்கத்தான் போய்ச் சேருவான்" என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவர், நிதானம் என்றால் உடனே திரும்புவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழே காலுக்கு, வெறிச்சோடிக் கிடந்த நேர் சாலையில், ஒரு கிடங்குச் சுவரின் ஓரமாக, சைக்கிளில் போன ஒருவர் மேல் அவருடைய வண்டி ஏறிவிட்டது. இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். விசாரணை நடந்தது. நடத்துனர் பின்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. பயணிகள் ஏழெட்டுப் பேர். அதில் பாதிப் பேர் தூக்கத்தில். நிதானம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "நான் ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். கண்ணை எடுக்கவே இல்ல. அவர் திடீர்னு குறுக்க வந்துட்டார்." பத்தொன்பது வருஷம் நல்ல பேர் எடுத்தவர் சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு? சைக்கிள்காரர் கவனிக்காமல் திரும்பியதே காரணம் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவி ஏதோ சொல்ல எழுந்தாள். சொன்னாள்கூட. யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மனிதரைப் பொய்யர் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். தான் சொன்னதை அவர் முழுசாக நம்பினார். அதுதான் இந்தக் கதையின் கஷ்டமே.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எல்லாரும் தேற்றினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி வண்டியில் ஏறினார். அப்போதுதான் வலது கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. முன்னால் ஒன்றுமே இருக்காது. கால் பாட்டுக்குப் பாய்ந்து பிரேக்கை அழுத்தும். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். மூன்றாம் நாள் ஓர் அம்மாளின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவரை வண்டியிலிருந்து இறக்கி, டயர் கொட்டகையில் காற்றழுத்தம் பார்க்கும் வேலையில் போட்டார்கள். அங்கே எல்லாரும் அவரை "அண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். நிதானம் என்று யாரும் கூப்பிடவில்லை. அந்த மரியாதையே அவருக்குத் தண்டனையாக இருந்தது.

மாதங்கள் போயும் கால் சரியாகவில்லை. பணிமனை மருத்துவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கால்ல ஒண்ணும் இல்லைங்க. மனசுதான் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. தியானம் மாதிரி ஏதாவது ஒண்ணு பழகுங்க. மூணு மாசம் கழிச்சு வண்டியில உட்கார வச்சுப் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, இனிமே உங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது" என்றார்.

ஸ்டியரிங் கிடையாது என்பது அவருக்கு வேலை போகிற விஷயம் மட்டுமில்லை. வண்டியில் உட்கார்ந்தால்தான் தான் யார் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அவர் பேசவே மாட்டார். மனைவி மருந்துக்கடையில் நாளெல்லாம் ஜனங்களோடு பேசிக் களைத்து வருகிறவள், அதனால் அந்த மௌனம் இருவருக்கும் பொருந்திப் போயிருந்தது. பேச்சு, சிரிப்பு, கோபம், பாட்டு எல்லாம் அந்த இருக்கையில்தான். அது போனால் என்ன மிச்சம்? ஐம்பத்தொரு வயதில், தியானம் என்றால் என்ன என்று தெரியாமலே, தியானம் செய்யத் துணிந்தார்.

முதலில் வந்து மாட்டியவன் மச்சினன். அச்சகத்தில் வேலை செய்பவன். உலகத்தில் புதிதாக எது வந்தாலும் மூன்று வாரம் அதுவே கதி என்று கிடப்பான். "மாமா, இதெல்லாம் ஒரு விஷயமா, போன்லயே இருக்கு" என்று ஏதோ செயலியை இறக்கிக் கொடுத்தான். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் ஒரு பெண் குரல் தேனாக ஒழுகியது: நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் நிற்கிறீர்கள். நிதானத்துக்கு உடனே, வண்டியை எங்கே நிறுத்தினோம் என்ற கவலை வந்துவிட்டது. அலைகள் உங்கள் பாதத்தைத் தொடுகின்றன என்றது குரல். கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்தத் தடை என்பது ஞாபகம் வந்து எழுந்தேவிட்டார்.

அப்புறம் மூச்சை எண்ணினார். ஒன்றிலிருந்து பத்து வரை, மறுபடி ஒன்று. கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் உட்கார்ந்தபடி கண்ணை மூடுவது என்பது ஓட்டுநர் தொழிலில் கொலைக்குச் சமம். பத்தொன்பது வருஷமாக எதைச் செய்யவே கூடாது என்று உடம்புக்குப் பழக்கியிருந்தாரோ, அதையே செய்யச் சொன்னால் உடம்பு கேட்குமா? நாலாவது மூச்சில் வியர்த்துவிடும். வலது கால் தரையை மிதிக்கும். மனைவி ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தாள். முகம் கல்லாக இருக்கிறது, காலடியில் இருந்த மிதியடி மட்டும் சுருண்டு சுருண்டு நாற்காலிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். "அமைதி, அமைதி" என்று ஆரம்பித்தார். ரெண்டு நிமிஷத்தில் அது அவருடைய தடத்தின் நிறுத்தங்களாக மாறிவிட்டது. தலைமைத் தபால் நிலையம், பழைய மார்க்கெட், மகப்பேறு மருத்துவமனை, பாலம் என்று வரிசை தப்பாமல் ஓடும். பாலம் தாண்டியதும் நாக்கு நின்றுவிடும். மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையா, அழுகையா என்று மனைவி கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது அழுகைதான்.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. நமக்கு இது வராது, டயருக்குக் காற்றுப் பார்த்தே காலம் போய்விடும் என்று மனசு விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் மருந்துக்கடைக்கு வரும் ஒரு பல் டாக்டரைப் பற்றி மனைவி சொன்னாள். அந்த அம்மாள் சனிக்கிழமை காலையில் நூலகத்து மாடியில் புதியவர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கிறார். "பல்லைப் பிடுங்குறவங்க மனசை என்ன பண்ணப் போறாங்களோ" என்றார் நிதானம். இருந்தாலும் போனார்.

மாடியில் ஒன்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரு சின்னப் பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டி ஆரம்பித்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பத்து நிமிஷம் முடிந்ததும் ரெண்டு தட்டுத் தட்டினார். பேருந்தில் ஒரு மணி என்றால் நில், ரெண்டு மணி என்றால் போ. நிதானத்தின் இடது கால் கிளட்சை மிதித்தது, இடது கை கியரைத் தள்ளியது. கைக்குக் கிடைத்தது பக்கத்தில் இருந்த வங்கிக் குமாஸ்தாவின் முழங்கால். அதை அழுத்திப் பிடித்து முதல் கியரில் போட்டேவிட்டார்.

குமாஸ்தா அலறிய அலறலில் மாடியே சிரித்தது. என்ன நடந்தது என்று விளங்கியதும் நிதானமும் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்ததும் டாக்டரம்மா அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். விபத்தைப் பற்றி நிதானம் சொல்லவில்லை. தான் ஓட்டுநர், கால் சொன்னபடி கேட்பதில்லை என்று மட்டும் சொன்னார்.

"தியானமும் செருப்பு மாதிரிதான் சார். ஊரே போடுதுன்னு கடிக்கிறதைப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமா? உங்களுக்குக் கண்ணை மூடுறது ஆகாது. திறந்தே வையுங்க. ஜன்னல்கிட்ட உட்காருங்க. தெருவுல எது கண்ணுல படுதோ, அதை மனசுக்குள்ள ஒரு வார்த்தையில சொல்லுங்க. மனசு வேற எங்கயாவது போயிருந்தா, 'போச்சு'ன்னு சொல்லிட்டுத் திரும்ப தெருவுக்கு வந்துடுங்க. திட்டாதீங்க. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். மறுநாள் காலை முன்னறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாய். குடை. பால்காரர். எதிர்வீட்டுச் சுவர். காக்கை. மனசு டயர் கொட்டகைக்குப் போனது. போச்சு. மறுபடி சுவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதானே அவர் தொழில்? இதற்குப் பேர் தியானம் என்று முன்பே சொல்லியிருந்தால் பத்தொன்பது வருஷமாக நான் முனிவராச்சே என்று மச்சினனிடம் வேடிக்கைகூடப் பேசினார். கால் நாற்காலிக்கு முன்னால் பூனைக்குட்டி மாதிரி பேசாமல் கிடந்தது. மூன்று வாரத்தில் டயர் கொட்டகையில் அவர் பாடுவதைக் கேட்டதாக ஒருவன் வந்து மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் மருந்துக்கடை கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. நடந்தது அப்படி இல்லை.

ஆறாவது சனிக்கிழமை, அந்த வங்கிக் குமாஸ்தா பெருமையாகச் சொன்னார்: "டாக்டர், இன்னைக்கு எனக்கு மனசே அலையல. இருபது நிமிஷமும் மூச்சுலயேதான் இருந்தேன்."

டாக்டரம்மா சிரித்தார். "அப்படித்தான் தோணும் சார். போறப்ப மனசு சொல்லிட்டா போகுது? திரும்பி வந்தாத்தான், போயிருந்தோம்னே தெரியும். அதுவரைக்கும் இங்கயேதான் இருந்தோம்னு சத்தியம் பண்ணுவோம். நடுவுல விட்டதை மனசே ஒட்டுப்போட்டு மூடிடும்."

நிதானம் கையைத் தூக்கினார். வகுப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "போயிருக்கிற நேரத்துல கண்ணு திறந்துதானே டாக்டர் இருக்கும்?"

"திறந்துதான் இருக்கும். முன்னாடி என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார். அவருக்கு என்ன தெரியும், பாவம். நிதானம் படியிறங்கி வந்து நூலக வாசலில் நின்றார். அந்தக் காலையை ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். பாலத்து மேடு. அங்கே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் பள்ளிக்கூட வளைவு வர வேண்டும். வரவில்லை. தண்ணீர்த் தொட்டி வர வேண்டும். அதுவும் வரவில்லை. பாலம், அதற்கு அடுத்து கண்ணாடிக்கு முன்னால் சைக்கிள். முக்கால் கிலோமீட்டர் காணவில்லை. இத்தனை நாளாக அதைத் தேடவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எந்த தைரியத்தில் சொன்னோம்?

அடுத்த மூன்று நாள் ஜன்னலோரம் உட்காரவில்லை. நாலாம் நாள் உட்கார்ந்தார். சுவர். குடை. எதிர்வீட்டுக்காரர் வாசல் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார். குழாய் என்று சொல்லிக்கொண்ட அந்த நிமிஷத்தில் அது வந்தது. யாரும் தேடவில்லை, தானாகவே வந்தது. அந்தக் காலையில் பாலம் தாண்டும்போது அவர் சமையலறைக் குழாயைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். அது ஒரு வாரமாக ஒழுகியது. வாஷர் வாங்க வேண்டும். அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? போன தடவை வாங்கியது சின்னதாகப் போய்விட்டதே. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருக்கலாம். இதைத்தான், இந்த மகா பெரிய விஷயத்தைத்தான், முக்கால் கிலோமீட்டர் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். முன்னால் ஒரு மனிதர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நேர் சாலை. வெயில் வந்துவிட்டது. யார் பார்த்திருந்தாலும் வண்டி நின்றிருக்கும்.

மனைவியிடம் சொன்னார். அவள் மாவு டப்பாவை மூடியபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் கோபம் வந்தது.

"நல்லா இருந்த மனுஷனைக் கெடுத்தாச்சு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா இருக்கு. போதும், இனிமே அந்த ஜன்னல்கிட்ட உட்கார வேண்டாம். எதையோ நெனச்சுக்கிட்டுப் போகாத மனுஷன் யாருங்க இருக்காங்க?"

"யாரும் இல்ல. ஆனா நான் நெனக்கலைன்னு சொன்னேனே. அதை வச்சுத்தானே அந்த ஆள் மேல எழுதினாங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தக் காலையில் வாசல் வரை வந்து, "இன்னைக்காவது மறக்காம வாஷர் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னது தான்தான் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. வாயெடுத்தவள் மூடின மாவு டப்பாவை மறுபடி திறந்து மூடினாள். அவர் அதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். அதனாலேயே அவளுக்குத் தாங்கவில்லை.

கூத்தைக் கேளுங்கள்: மருத்துவர் வைத்த சோதனையில் அவர் தேறிவிட்டார். காலியான மைதானத்தில் நாற்பது நிமிஷம் ஓட்டச் சொன்னார்கள். கால் ஒரு தரம்கூடத் துள்ளவில்லை. "பார்த்தீங்களா, தியானம் என்னமா வேலை செய்யுதுன்னு!" என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு நிதானம் கிளை மேலாளர் அறைக்குப் போய், வாக்குமூலத்தை மாற்றி எழுத வேண்டும் என்றார்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறேன்னு வந்து நிக்கிறீங்களே. கோப்பு மூடியாச்சு. வாஷரைப் பத்தி யோசிச்சேன்னு எந்தச் சட்டத்துல எழுதுறது? நீங்க தூங்கல, குடிக்கல, போன் பேசல. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

"ஆனா பார்க்கல சார்."

"அதை யாரு நிரூபிக்க முடியும்? நீங்களே நிரூபிக்க முடியாது." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "நாளைக்குக் காலை ஷிப்ட். பழைய தடம்தான். போங்க நிதானம், போய் ரெஸ்ட் எடுங்க."

எட்டு மாதத்துக்கப்புறம் ஒருவர் அவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எதற்காக இத்தனை பாடும் பட்டாரோ அது கைக்கு வந்தாயிற்று. செத்துப்போகலாம் போல இருந்தது அவருக்கு.

வீட்டுக்குப் போகவில்லை. இறந்தவரின் மனைவி தையல்கடை வைத்திருப்பது விசாரணையன்றே தெரியும். பள்ளிக்கூடச் சீருடைகள் தொங்கும் சின்னக் கடை. ஒரு மேசை, ஒரு இயந்திரம், வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. அவள் துணியில் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்ன வேணும்?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. தப்பு அவர் மேல இல்ல. நான் பார்க்கல."

"கண்ணை எடுக்கவே இல்லைன்னு சொன்னீங்க."

"கண்ணு ரோட்டுலதான் இருந்துச்சு. நெனப்பு இல்ல. அன்னைக்கு அது எனக்கே தெரியாதும்மா, சத்தியமா. இப்பத்தான் தெரிஞ்சுது."

"என்ன நெனச்சுக்கிட்டு வந்தீங்க?"

அவர் சொன்னார். குழாயை, வாஷரை, அரை இஞ்சை, முக்கால் இஞ்சை. பெரிதாக ஏதாவது நினைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. அப்பா சாவு, பிள்ளை உடம்பு என்று ஏதாவது. அவள் முழுசாகக் கேட்டாள். சாக்கட்டியை மேசையில் வைத்தாள்.

"கை காட்டாம அவர் திரும்பவே மாட்டார்னு நான் அன்னைக்கே எழுந்து சொன்னேன்" என்றாள். "யாரும் காதுல போட்டுக்கல. எத்தனை நாளைக்குத்தான் நான் ஒருத்தியே சொல்லிக்கிட்டிருக்க முடியும்? அத்தனை பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களேன்னு கொஞ்சம் கொஞ்சமா நானும் நம்பிட்டேன். இப்படிப் பொறுப்பில்லாம போய்ச் சேர்ந்தியேன்னு அவரை நான் திட்டாத நாள் இல்ல. பொண்ணு பத்தாவது படிக்குது. அதுவும் சைக்கிள்லதான் போகுது. தினமும் வாசல்ல நின்னு, 'உங்கப்பா மாதிரி பார்க்காம திரும்பாதே'ன்னு சொல்லித்தான் அனுப்புறேன். இன்னைக்குக் காலையிலகூடச் சொன்னேன்."

அழுவாள் என்று நினைத்தார். அடிப்பாள் என்றும் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும். அவள் பெஞ்சில் கிடந்த சீருடைகளை அள்ளி மேசைமேல் போட்டு இடம் பண்ணினாள்.

"உட்காருங்க. அவ வரட்டும். அவகிட்டயும் நீங்களே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. அவ அப்பாவைப் பத்தி அவகிட்ட அப்படிச் சொல்லி வச்சிருக்கேன்."

நிதானம் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. பள்ளிக்கூடம் விட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.